ராணிக்கு வந்த முகம்

மாமா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் ஏதாவது பட்டாசுக் கம்பெனியில் காவலுக்குச் சேருவார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ திருத்தங்கலில் தன் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, சிலை செய்ய உட்கார்ந்துவிட்டார். எல்லையில் இறந்துபோன தோழர்களுக்கு முகாமிலேயே சிமெண்டில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினாராம். அதில் பழகிய கை. பிறகு ஊர் ஊராகப் பழைய வீரர்களை எழுப்பிக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில், சாத்தூர் ரோட்டு முக்கில் நிறுத்த, வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட ஒரு ராணியின் சிலையைக் கேட்டார்கள். குதிரை வந்தது, வாள் வந்தது. முகம் மட்டும் வரவில்லை. செல்போனில் தேடியும் ராணிக்குப் படம் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒரு காலண்டரை நீட்டி, "இந்த லெச்சுமி மாதிரி செஞ்சிருங்க" என்றார். மாமா செய்து பார்த்து, மறுநாளே கொத்தி எடுத்துவிட்டார்.

"சண்டைக்குப் போறவ இப்பிடியா சிரிப்பா?"

வெள்ளிக்கிழமை பார்க்க வருவார்கள். பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். முந்தின நாள் நான் போனபோது மாமா கண்ணை மூடிக்கொண்டு ஈரச் சிமெண்டைத் தடவிக்கொண்டிருந்தார். விரல்களுக்குக் கீழே அத்தையின் முகம் வந்துகொண்டிருந்தது.

"அத்தை உள்ளதான இருக்காக மாமா. கூப்புடட்டுமா?"

"வேண்டாம்த்தா. அங்கன பனியில கெடக்கயில தெனம் இப்பிடித்தான் பாத்தேன்."

குளிரில் கண்ணைத் திறக்க முடியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சிலையைப் பார்த்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மூஞ்சிய நடுரோட்டுல நிப்பாட்டப் போறீகளா? கம்பெனி பஸ்ஸுல போற சனம் பூராம் பாக்கும்." அன்றைக்கு மாமாவுக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

பெரியவர்கள் வந்து சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அத்தை டீத்தட்டை ணங்கென்று வைத்தாள். மூத்தவர் அவளைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், மெதுவாக டீயை எடுத்துக்கொண்டார்.

"இதுதான் சரி. இவுகள எதுத்து எவன் நிப்பான்?"

மாமா சிரிப்பை மறைக்க மீசையைத் தடவினார்.

சிலைத் திறப்புக்கு அத்தை வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் போகும்போதெல்லாம், போகையில் வலதுபக்க ஜன்னல் வேண்டும் என்பாள், திரும்புகையில் இடதுபக்கம். கேட்டால், அந்தப் பக்கம்தான் காற்று வருகிறது என்பாள். எங்கள் ஊர்க் காற்று அப்படித்தான் மாறி மாறி வீசும் என்று நானும் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.