மால்ட்சைட் சொல்லாத பட்டறை

இது நடந்தது. எனக்கே நடந்தது. கொலுசுச் சத்தம், வெள்ளைப் புடவை, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். என் பேய் பட்டப்பகலில், சரியாகச் சாப்பாட்டு வேளையில் வந்தது. ஜெர்மன் பேய், நேரம் தவறாது.

ராய்ட்லிங்கனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இயந்திரப் பட்டறை. கல்லூரிப் படிப்பில் ஆறு மாதம் இப்படி ஓர் இடத்தில் வேலை பழக வேண்டும் என்பது விதி. பழகியதற்கு மேற்பார்வையாளர் ஃபோட்டலர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அதைவிடக் கொடிய விதி. ஃபோட்டலருக்கு மீசை உண்டு, அபிப்பிராயமும் உண்டு. இரண்டையும் தினமும் சீவிக்கொண்டு வருவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "படிச்சவரே" என்பார், ஏதோ தோல் வியாதியைச் சொல்வது போல.

பட்டறையில் இன்னொரு கேவலமும் இருந்தது. நடுப்பகலில் எதிரே வருகிறவரிடம் 'மால்ட்சைட்' என்று சொல்வது எங்கள் ஊரில் மூச்சுவிடுவது மாதிரி. சாப்பாட்டு வேளை, நன்றாகச் சாப்பிடு என்று அர்த்தம். முதலாளியும் சொல்வார், குப்பை வண்டிக்காரரும் சொல்வார். யார் சொன்னாலும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டு உட்காருவார்கள். அதுவும் பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே, மெஷினை அணைத்துவிட்டு, தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவது போலச் சாப்பாட்டு அறைக்கு ஓடுவார்கள். பருப்புக்கும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸுக்கும் இப்படி அலையும் ஜென்மங்களை நான் பார்த்ததில்லை.

அன்று எனக்குக் கொடுத்த வேலை, மூலையில் இருந்த பழைய மில்லிங் மெஷினில். மர ஆலையின் கியர் பெட்டிக்கான வார்ப்பிரும்புக் கூடு. அதிலுள்ள ஆழமான துளையைப் போரிங் செய்து, அதாவது உட்சுவரைச் சீவி, அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதே போன்ற ஒரு கூட்டை முந்தின வாரம் கெடுத்திருந்தேன். காரணம், சாட்டர். துளைக்குள் சுற்றும் வெட்டுத் தண்டு, அதாவது போரிங் பார், குளிர் ஜுரக்காரனைப் போல நடுங்கிக் கத்தும். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய சுவரில் வரிவரியாகப் பிராண்டிவிடும். மிச்சமிருந்தது இந்த ஒரு கூடுதான். இதை வார்த்த ஆலையையும் மூடிவிட்டார்கள்.

"இதையும் கெடுத்தீங்கன்னா கையெழுத்து கெடையாது, படிச்சவரே," என்றார் ஃபோட்டலர். "அடுத்த வருஷமும் வந்து என் மூஞ்சியப் பாக்கணும்."

இதைவிடப் பயங்கரமான மிரட்டலை நான் எந்தப் பேய்க் கதையிலும் படித்ததில்லை.

"சாட்டர் வந்தா என்ன பண்றது?"

"வேகத்தக் கொறைங்க."

"கொறைச்சும் வந்தா?"

"இன்னும் கொறைங்க."

முப்பது வருட அனுபவம்.

11.55. எல்லோரும் ஓடினார்கள். லேத்தில் வேலை பார்க்கும் சிபில்லே மட்டும் வாசலில் நின்றாள்.

"வரலியா? மெஷினுக்கு ஊட்டிவிடப் போறியா?"

"கடைசி வெட்டுதான். முடிச்சிட்டு வர்றேன்."

"நிறுத்திட்டு வாப்பா." இப்போது குரலில் கிண்டல் இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது. பருப்புக்காக ஒருத்தி கெஞ்சுகிறாளே என்று எரிச்சலாக வந்தது. அவள் போய்விட்டாள்.

நான் செய்யாதது ஒன்றுமில்லை. இருப்பதிலேயே தடித்த பாரை எடுத்து, துளையின் ஆழம் அனுமதித்த அளவுக்கு அது வெளியே நீண்டிருப்பதைக் குறைத்திருந்தேன். டேபிளின் பூட்டுகளை இறுக்கியிருந்தேன். முனை கூரான புது வெட்டுளி. வேகத்தைக் குறைத்து, வெட்டுளி முன்னேறும் ஃபீடைக் கொஞ்சம் ஏற்றியிருந்தேன். கூட்டின் சுவர் மெல்லியது, மணி மாதிரி அதிரும். அதனால் சைக்கிள் ட்யூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தேன்.

மெஷினைப் போட்டேன்.

கிர்ர்ர்ர்ர்ர்...

கூடு முழுக்கக் கத்தியது. அதன்மேல் எண்ணெய்த் துளிகள் குதித்தன. வெட்டுளி விளிம்பைத்தான் தொட்டிருந்தது. இப்படியே உள்ளே போனால் துளை பாழ். நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் ஒரு வளையம் விழும். அதுவும் பாழ்.

தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது.

"மால்ட்சைட்."

என் முதுகுக்குப் பின்னால். ஃபோட்டலரின் குரல்.

ஒருவழியாக மரியாதை கற்றுக்கொண்டுவிட்டார். நான் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அந்த மீசையில் என்ன இருக்கிறது? பாரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மால்ட்சைட்" என்று காற்றிடம் சொல்லிவைத்தேன்.

கத்தல் நின்றது.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாரும் சுற்றியது. துளைக்குள்ளிருந்து பட்டுத் துணி கிழிவது போல மெல்லிய சத்தம் மட்டும்...

ஸ்ஸ்ஸ்ஸ்...

எண்ணெய்த் துளிகள் ஆடவில்லை.

கூட்டின் வெளிச்சுவரில், ட்யூபுக்கு மேலே, எண்ணெய்ப் படலம் ஓரிடத்தில் விலகியது. மெதுவாக. முதலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு.

பிறகு ஒரு விரல்.

இன்னொன்று...

இன்னொன்று...

கை இல்லை. தடம் மட்டும் அழுந்தியது.

"மால்ட்சைட்."

இப்போது காதருகில்.

பாரிலேயே கண்ணை வைத்திருந்தேன். கழுத்து திரும்பவில்லை.

ஸ்ஸ்ஸ்...

டக்.

பார் மறுபக்கம் வெளியே வந்தது. மெஷினை அணைத்தேன். திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஓடினேன். சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருந்தார்கள். ஃபோட்டலரின் தட்டு பாதி காலி, மீசையில் பருப்பு.

"இப்ப எதுக்கு அங்க வந்து மால்ட்சைட் சொன்னீங்க?" என்றேன்.

எல்லாக் கரண்டிகளும் நின்றன.

ஃபோட்டலர் எழுந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. "திரும்புனியா?"

"இல்ல."

"ஏன்டா திரும்பல?"

"உங்களுக்காகத் திரும்பணுமான்னு இருந்துச்சு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லது," என்றார். "ரொம்ப நல்லது." உட்கார்ந்தார். அப்புறம் சாப்பிடவில்லை.

கை கழுவும் இடத்தில் சிபில்லேதான் சொன்னாள். அந்த மெஷின் ஆல்வின் என்பவருடையது. சாட்டர் வந்தால் இடது உள்ளங்கையைக் கூட்டின் சுவரில் வைத்து அழுத்துவார். சத்தம் அடங்கிவிடும். யாரும் செய்யக் கூடாத வேலை. ஒருநாள் நடுப்பகலில் ஃபோட்டலர் பின்னால் வந்து 'மால்ட்சைட்' என்றிருக்கிறார். ஆல்வின் நல்ல மரியாதைக்காரர். முகம் பார்த்துப் பதில் சொல்லத் திரும்பினார். சுழன்ற போரிங் பார் அவருடைய வலது சட்டைக்கையைச் சுற்றி இழுத்துக்கொண்டது. ஆள் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஃபோட்டலர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மற்றவர்களும்.

"அப்ப நான் கேட்டது ஆல்வின் குரலா இருக்கணுமே?"

சிபில்லே குழாயை மூடினாள். "ஆல்வின் குரல யாரும் கேட்டதில்லப்பா. நாங்க எல்லாரும் கேட்டது ஃபோட்டலர் குரலத்தான். பட்டறையிலேருந்து தன் குரலே வர்றத அவரும் கேட்டிருக்காரு. எங்ககூட சாப்பாட்டு ரூம்ல உக்காந்து சாப்டுக்கிட்டே."

துளை கண்ணாடியாக வந்திருந்தது. ஃபோட்டலர் அளந்துகூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கூட்டை மெஷினிலிருந்து இறக்கும் முன் துடைக்கப் போனேன். தடம் அப்படியே இருந்தது. இடது கை. பக்கவாட்டில் நின்று என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், கோணம் பொருந்தவில்லை. எதிரிலிருந்தும் பொருந்தவில்லை. அந்தச் சுவரில், அந்தக் கோணத்தில் கை வைக்க ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும்.

நான் நின்ற இடத்தில்.