மஹ்பூபா மேடத்துக்கு ஆறுதல்

மஹ்பூபா மேடம் எங்களுக்கு மேனேஜராக வந்தது தொண்ணூற்றெட்டில். அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத்துப் பட்டறை, மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று, ஒரு வெளிநாட்டு பேங்கின் பழைய புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

நாங்கள் மூன்று பேர், மூன்று திசை. தங்கவேலிடம் நடுவில் ஒரு வார்த்தை பேசினால் அன்றைய வேலை காலி. மேடம் அவனிடம் பேசவே மாட்டார். சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார். நாகவல்லிக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் ஒரு வரி எழுத வரும். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ம்" கொட்டுவார். நான், தேவராஜ், திட்டினால்தான் நகருவேன். எனக்குத் தினமும் காலை பத்து மணிக்குப் பூசை. குறித்த தேதிக்கு முன்பே வேலை முடிந்தது. நல்ல பெயர் எங்களுக்குக் கிடைத்தது, கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் அவருடைய அத்தா இறந்துபோனார். அம்மா முன்பே இல்லை, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. வீட்டில் இருந்ததே அப்பாவும் மகளும்தான். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூந்தமல்லியில் அவர் வீட்டுக்குப் போனோம். இன்றைக்காவது நாம் அவரைத் தேற்ற வேண்டும் என்று பஸ்ஸில் பேசிவைத்துக்கொண்டோம்.

கதவைத் திறந்தவரின் கண்கள் வீங்கியிருந்தன. நாகவல்லி ஆறுதல் சொல்ல வாயெடுத்து, தன் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கதையில் போய் மாட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். தங்கவேல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்காமல் அவன் முன்னால் டீயை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தேவராஜ், மூஞ்சி இப்டி வாடிக்கீது? காலைலேர்ந்து சாப்டலியா? அறிவு கீதா உனக்கு?"

வெட்கக்கேடு, அந்தத் திட்டு விழுந்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் நாகவல்லிதான் சொன்னாள். "நாம தேத்தப் போனோம். அவங்க நம்மள தேத்தி அனுப்பிட்டாங்க."

"அவங்களுக்குப் பேச ஆள் வேணுமா, சும்மா கூட குந்திகினு இருந்தாப் போதுமா? யாருக்குனா தெரியுமா?" என்றான் தங்கவேல்.

தெரியாது. ஒன்றரை வருஷம் கூட வேலை பார்த்தும் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். திரும்பிப் போகலாம் என்று மூவருக்குமே தோன்றியது. போய் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.