தம்பி ஃப்ராக் போட்ட ஞாயிற்றுக்கிழமை

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆனபோது எங்கள் வீட்டுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது. அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கழுகுமலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். அங்கே இறங்கி, ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவோம். அவ்வளவுதான். ஊட்டிக்குப் போகிறவர்கள்கூட அப்படிக் குதித்திருக்க மாட்டார்கள்.

விளாத்திகுளம் பக்கமும் ஒருதடவை போகலாமே என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா காதிலேயே வாங்க மாட்டாள். கழுகுமலை முருகன் மேல் அத்தனை பக்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பாதி நாள் கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல்தான் திரும்புவோம்.

இதில் ஒரே இடைஞ்சல் தம்பிதான். ஏழு வயது ஆண்பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த மாதம் அப்பாவிடமிருந்து பணம் வரவில்லை. அரை டிக்கெட் எடுத்தால் சேவு கிடையாது, சேவு வாங்கினால் தம்பி வீட்டில் இருக்க வேண்டியதுதான். அவன் தரையில் புரண்டு அழுதான். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. போன வாரம்தான் அவனுக்கு மொட்டை போட்டிருந்தோம். மொட்டைத் தலையில் ஆண் என்ன, பெண் என்ன? எனக்குச் சிறிதாகிப் போன சிவப்பு ஃப்ராக்கை எடுத்து அவனுக்கு மாட்டினேன். கண்மை, பொட்டு, என் பாசிமாலை. நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருந்தான்.

“ஏட்டி, என்ன கூத்துட்டி இது!” என்று அடிக்கக் கை ஓங்கிய அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். “பாப்பாவுக்கு மொட்டையா?”

“ஆமா அண்ணாச்சி, நேர்த்திக்கடன்” என்றேன் நான். மூன்று இலவசச் சீட்டு கிழித்துக் கொடுத்தார். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றாலை ஒவ்வொன்றையும் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தான். மக்காச்சோளக் காடு வந்தது, உளுந்துக் காடு வந்தது. பாட்டில் தண்ணீர் முழுவதையும் அவனே குடித்திருந்தான்.

பாதி வழியில் ஒரு வேப்பமரத்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறியாடுகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஆடுகளை வேடிக்கை பார்த்த நேரத்தில் தம்பி இறங்கி ஓடிவிட்டான். ரோட்டோரம் போய் நின்று, ஃப்ராக்கைத் தூக்கி வாயில் கடித்துக்கொண்டு, கருமண்ணில் ஒன்றுக்கு அடித்தான்.

பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரித்தது. கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆடுகளுக்குப் பின்னால் கம்போடு வந்தவர் தம்பியின் மொட்டையைப் பிடித்துத் திருப்பினார். “ஏலே, மேல பாத்தா பொம்பளப்புள்ள, கீழ பாத்தா ஆம்பளப்பய! யாரு மவன்லே நீ?”

தம்பி ஜன்னலைக் காட்டினான். அவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். இவ்வளவு அவமானத்தில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை. அந்த ஆளின் சிரிப்புதான் நின்றுபோனது. அவர் தம்பியைத் தூக்கிப் படியில் நிறுத்தி, அவன் மொட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மடியிலிருந்து ரூபாயை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

“பயலுக்கு ஒரு டிக்கெட் குடுங்க அண்ணாச்சி.”

அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடுகளை அதட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அந்த அரை டிக்கெட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கழுகுமலை வரும்வரை அழுதாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். எப்படியோ சேவு மிஞ்சியதே என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ராக்கோடு போய் நின்றேன். அம்மா அதை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். தம்பிக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டு, மொட்டையில் எண்ணெய் தடவி, திருநீறு பூசினாள். பஸ்ஸில் தானாகவே கேட்டு அரை டிக்கெட் எடுத்தாள். அந்த வேப்பமரம் வந்ததும் அவனை ஜன்னலுக்கு இழுத்தாள். “எந்திரிச்சு நில்லுலே. நல்லாத் தெரியுத மாதிரி நில்லு.”

அன்று சேவு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வேப்பமரத்து ஊரிலிருக்கும் பிறந்த வீட்டில் அம்மாவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும், ஆடு பத்திக்கொண்டு போனவர் எங்கள் தாய்மாமன் என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்துபோய், முழுசாக ஒரு பொட்டலம் சேவைப் பறிகொடுத்துவிட்டாள் இந்த அம்மா.