கடைசி பஸ்ஸுக்காக எடுத்த பேப்பர்

இந்த நேரத்துல மெசேஜ் போடறதுக்கு எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினா. பகல்ல எழுத உட்கார்ந்தா போனைப் பிடுங்கிடறா.

நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள நான் ஒரு முடிவு எடுக்கணும். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நம்ம கிளாஸ் குரூப்புக்கு வந்துட்டேன்.

எம்.எஸ்சி மேத்ஸ் கரஸ்பாண்டன்ஸ்ல சேர்ந்திருக்கேன். ரெண்டு எலக்டிவ்ல ஒண்ணை எடுக்கணும். ஒண்ணு புரோகிராமிங். சனிக்கிழமை தோறும் சேலத்துல லேப். விடியக்காலைல மலை இறங்கினா, இருட்டினப்புறம்தான் ஊடு வந்து சேர முடியும். இன்னொண்ணு வெறும் தியரி, ஊட்லயே படிச்சுக்கலாம். ஒரு தடவை சப்மிட் கொடுத்துட்டா மாத்த முடியாதாம்.

போர்ட்டலைத் திறந்து வெச்சுக்கிட்டு பார்த்துட்டே இருந்தேன்... எங்கிருந்தோ மிளகு வாசம்.

நம்ம காலேஜ் முதல் நாள் ஞாபகம் இருக்கா?

செம்மேட்டுல பஸ் ஏறும்போதே சீட் இல்ல. அப்பா கீழ ஒரு கடைக்குக் கொடுக்க மிளகு மூட்டை ஒண்ணைத் தூக்கிட்டு வந்திருந்தாரு. அடிவாரத்துல காரவள்ளி வரைக்கும் அத்தனை வளைவும் அந்த மூட்டை மேல உட்கார்ந்துதான் இறங்கினேன். புதுச் சுடிதார்... முழுக்க மிளகு வாசம்.

ஹால்ல போய் உட்கார்ந்ததும் பக்கத்துல இருந்தவ மூக்கை உறிஞ்சினா.

"ஏய், யாருடி இது? ரசம் வெக்கற வாசம் வருது?"

கோகிலா, அது நீதான். மறந்துட்டேன்னு சொல்லாத.

மேடையில ஏதேதோ சொன்னாங்க. செமஸ்டர், கிரெடிட், கோர், அலைடு... எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல எல்லாரும் தலையாட்டுனாங்க, நானும் ஆட்டினேன். உங்களுக்குப் புரிஞ்சுதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சுட்டு இருக்கேன். உண்மையைச் சொல்லுங்க, புரிஞ்சுதா?

அப்புறம் மேத்ஸ் டிபார்ட்மென்ட் பிள்ளைங்களை மட்டும், கூட வந்தவங்களோட, ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டியூட்டர் மேடம் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, துணைப்பாடமா எடுக்கற அலைடு பிசிக்ஸா ஸ்டாடிஸ்டிக்ஸான்னு கேட்டாங்க.

நான் பிசிக்ஸ்னு முடிவு பண்ணித்தான் போனேன். பிளஸ் டூ லேப்ல பிரிசம் வெச்சு, சுவத்துல கலர் விழுந்ததைப் பார்த்த நாள்லருந்தே அந்த ஆசை.

என் முறை வந்துச்சு. "உனக்கு எதும்மா பிடிக்கும்?"னு கேட்டாங்க. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து அப்பா...

"ஏனுங்க மேடம், இதுல எந்தப் பாடம் எடுத்தா பஸ்ஸுக்குச் சீக்கிரம் விடுவீங்க?"

ரூமே சிரிச்சுது.

"சப்ஜெக்ட் பொண்ணுக்கா, பஸ்ஸுக்காங்க?"ன்னு மேடமும் சிரிச்சாங்க.

அப்பா சிரிக்கல. "ரெண்டுக்குமுங்க. கடைசி பஸ்ஸை விட்டுட்டா மேல ஏற முடியாதுங்க."

பிசிக்ஸ்னா மத்தியானத்துக்கு மேல லேப் இருக்கும், இழுத்துடும்னு மேடம் சொன்னாங்க. அவ்வளவுதான். "நமக்கு அது தோதுப்படாது கண்ணு, இன்னொண்ணைச் சொல்லு"ன்னுட்டாரு அப்பா. அன்னிக்கு ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னு சொல்லியிருந்தாங்க. தினமும் மலையில இருந்து வந்து போறதாத்தான் பேச்சு. அப்பா சொன்னதுல என்ன தப்பு? ஸ்டாடிஸ்டிக்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எங்க ஊர்ல எல்லாமே அப்படித்தான். கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திரும்பி வர்ற பஸ்ஸை முதல்ல கேட்டுட்டுத்தான் மத்ததை யோசிப்போம்.

இதுல பாருங்க... முதல் இன்டர்னல்ஸ் முடியறதுக்குள்ளயே யாரோ ஒருத்தி டிசி வாங்கிட்டுப் போக, எனக்கு ஹாஸ்டல்ல இடம் கிடைச்சுது. அந்தக் கடைசி பஸ்ஸோட எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. ஓடிப் போய் மேடத்தைக் கேட்டேன். "இனி மாத்த முடியாதும்மா"ன்னாங்க.

கோகிலா லேப் முடிச்சுட்டு வந்து ஹாஸ்டல் கட்டில்ல விழுவா. "வெர்னியரைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே போச்சுடி. உங்கப்பா மாதிரி ஒருத்தர் எனக்கு இல்லாமப் போயிட்டாரே!" நானும் சிரிப்பேன். அப்புறம் அவ ரெக்கார்டை எடுத்துப் படம் பார்ப்பேன்.

ஸ்டாடிஸ்டிக்ஸ் பிடிக்கலைன்னும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னாடி ராசிபுரத்துல பார்த்த வேலை அதனாலதான் கிடைச்சுது. அன்னிக்கு நடந்தது நல்லதா கெட்டதா... இன்னிக்கும் எனக்குப் பிடிபடல.

போன ஞாயித்துக்கிழமை இந்த எம்.எஸ்சிக்கும் ஓரியன்டேஷன் நடந்துச்சு, ஆன்லைன்ல. டவர் போய்ப் போய் வந்துச்சு. "எனி டவுட்ஸ்?"னு ஒரு குரல். கேக்கலாம்னு மைக்கை ஆன் பண்ணினேன்... பாப்பா வீல்னு கத்தினா. ஆஃப் பண்ணிட்டேன். மீட்டிங் முடிஞ்சுது.

எங்க ஊட்டுக்காரர் செம்மேட்டு ஆபீஸ்ல இருந்து வந்ததும் அவர்கிட்ட கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதை எடு"ங்கறாரு. எதுவுமே சரின்னு படலையே, அதுக்கு என்ன பண்றது? அம்மா, "ரெண்டு வாரம் அழுவா, அப்புறம் பழகிக்குவா சாமி, நீ போ"ங்கறாங்க. பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு. இன்னும் பால் மறக்கல. என்னை விட்டு அரை நாள் இருந்ததில்ல.

எனக்கு ஆசை புரோகிராமிங்தான். கை தானா தியரிக்குப் போகுது. அன்னிக்கு ஹாஸ்டல் கிடைச்சு பஸ் கவலை தீர்ந்த மாதிரி, பாப்பாவும் மளமளன்னு வளர்ந்துடுவா, அப்போ நான் எடுத்தது மட்டும்தான் என்கூட இருக்கும்னு ஒரு நினைப்பு. அதுக்காக, அழற குழந்தையை விட்டுட்டு எப்படிப் பஸ் ஏறுவேன்னு அடுத்த நினைப்பு.

அன்னிக்குப் புரியலைன்னாலும் முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி நின்னீங்க. எல்லாரும் சேர்ந்து தலையாட்டுனோம். இன்னிக்கு ஸ்கிரீன்ல டிக் பண்ண ரெண்டு சின்ன வட்டம், நான் ஒருத்தி.

எந்த பேப்பர் நல்லதுன்னு நீங்க சொல்ல வேண்டாம். பால் குடிக்கற குழந்தையை விட்டுட்டுப் படிக்கவோ வேலைக்கோ போனவங்க நம்ம குரூப்ல இருக்கீங்க. சாயந்தரம் திரும்பி வந்தப்போ குழந்தை உங்ககிட்ட வந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க.

காலைல பார்த்ததும் பதில் போடுங்க, ப்ளீஸ்.