சாயப் பிழை என்று எழுதிய பக்கம்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நானும் என் தோழியும் திருவனந்தபுரத்தில் ஒரே விலங்கியல் ஆய்வறையில் டாக்டர் பட்டத்துக்காக வேலை செய்தோம். அவள் நாகர்கோவில் பக்கத்துக்காரி. என் வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். அங்கே பெண்கள் நாங்கள் இருவர்தான். நல்ல மைக்ராஸ்கோப்பும் ஒன்றுதான். காலையில் எனக்கு, மத்தியானம் அவளுக்கு. என் சாப்பாட்டில் பாதியும் அவளுக்குத்தான்.

காயல் சிப்பியின் செவுளில் இருக்கும் சிலியாதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். செல்லின் மேல் மயிர்போல அசைந்து தண்ணீரைத் தள்ளும் இழைகள் அவை. ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக ஒரு புள்ளி உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது சென்ட்ரியோல் என்று ஒரு புள்ளி ஜோடியாகத் தெரியுமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா என்பதே கேள்வி.

ஒருநாள் காலை, சாயம் ஏற்றிய ஸ்லைடு ஒன்றில், செல்லின் உள்ளே இருக்கவேண்டிய சென்ட்ரியோல் ஜோடி ஓரத்துக்கு நகர்ந்து வந்திருப்பதைப் பார்த்தேன். இரண்டில் ஒன்றிலிருந்து சற்றே வளைந்த ஓர் இழை முளைத்திருந்தது. இரண்டு புள்ளியும் ஒன்றுதான் என்பதற்கு அதுவே சாட்சி. அவசரமாக நோட்டில் படம் வரைந்தேன். பேராசிரியரிடம் ஓடுவதற்கு முன் அவளைத்தான் கூப்பிட்டேன்.

வெகுநேரம் பார்த்தாள்.

"சாயம் சரியா கழுவல பிள்ளே. புள்ளியும் நூலும் ஒட்டிக்கிட்டுத் தெரியுது, அவ்வளவுதான். இத எழுதினா எல்லாரும் சிரிச்சிருவாவ, கேட்டியா."

நல்ல சாயம் கப்பலில் வராத காலம். சாயம் போடுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. படத்தின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'சாயப் பிழை' என்று எழுதினேன்.

அடுத்த வருஷம் நூலகத்துக்கு வந்த சஞ்சிகையில் அவள் பெயரில் ஒரு கட்டுரை. படத்தில் அதே ஜோடி, அதே இழை, அதே வளைவு. சஞ்சிகையை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? பிழைன்னு நீங்களே எழுதிட்டு, இப்போ உங்களுதுன்னா எப்படி?"

வராந்தாவில் அவளை நிறுத்தினேன். "ஏன் இப்படிச் செஞ்சே?"

அவள் முகம் மாறவில்லை. "நீ நம்பல. நான் நம்பினேன்."

"நீதானே நம்பாதேன்னு சொன்னே!"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

பட்டம் அவளுக்கு முதலில் கிடைத்தது; மதராசில் வேலையும் கிடைத்தது. நான் சிலியாவின் நீளம், வரிசை என்று யாரும் சண்டைக்கு வராத விஷயங்களை எழுதி, பின்னால் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலைக்குப் போனேன்.

சில வருஷம் கழித்துத் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தவள், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் எதிர்ப்பட்டாள். "சௌக்கியமா?" என்றாள். "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம்தான்.