கைராசிக்காரியின் இரண்டு டப்பாக்கள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. கைராசி என்றால்தான் தெரியும். ஒடிந்த குச்சியை நட்டாலும் அவள் கையில் துளிர்க்கும் என்பார்கள். பகலில் துணிக்கடையில் பில் போடும் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் நான்கு கீரைப் பாத்திகள். மதிலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தனின் முலாம் பட்டறை. குழாய்களுக்கு நிக்கல் பூசி அலசிய தண்ணீர் மதிலோரக் கால்வாயில் ஓடும்.

கீரையில் பாதி, ஏழு மாதக் கர்ப்பிணியான அவனுடைய மனைவிக்குப் போகும்.

மதிலை ஒட்டிய பாத்திதான் முதலில் வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். இரும்புச் சத்துக் குறைவு என்று எண்ணி, எல்லாரும் செய்வது போல ஒரு பிடி துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தாள். பத்து நாளில் மஞ்சள் இன்னும் ஏறியது.

"என்ன அண்ணி, ராசி ரிட்டையர் ஆயிடுச்சா?" கொழுந்தன் மதில் மேல் முழங்கையை ஊன்றிக் கேட்டான்.

"எனக்கு உன் தண்ணி மேலதான் சந்தேகம்."

"கண்ணாடி மாதிரி தெளிவா போகுது. பழியைத் தூக்கி என் மேல போடாதீங்க."

அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பத்து வயது. அவன் காய்ச்சலில் அனத்திய நாளெல்லாம் நெற்றியில் இருந்தது இவள் கைதான். அவனோடு சண்டை போட அவளால் முடியாது. நிரூபிக்க முடியும்.

இரண்டு பால் பவுடர் டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் பாத்தி மண், மற்றொன்றில் வாசல் மண். ஒரே விதை, ஒரே ஜன்னல், ஒரே தண்ணீர்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை, அவன் கண்ணெதிரே இரண்டையும் கவிழ்த்து வேரை அலசினாள். வாசல் மண்ணின் வேர் வெள்ளை நூலாக நீண்டு தொங்கியது. பாத்தி மண்ணின் வேர் கருகிய தீக்குச்சி போலக் கட்டையாக நின்றது.

"வேர் இப்படி ஆயிட்டா மண்ணுல எவ்வளவு சத்து இருந்தும் உறிஞ்சாது. நான் ஆணி புதைச்சது, வாயைக் கட்டிட்டுத் தட்டுல சோறு போட்ட மாதிரி."

"மண்ணே அப்படி இருக்கும் அண்ணி."

அவள் பாத்தியிலிருந்து ஒரு கட்டு அறுத்து மதிலுக்கு மேலே நீட்டினாள்.

"சரி. அப்போ இதை உன் பொண்டாட்டிக்கு உன் கையாலயே குடு."

கை நீளவில்லை. கையுறை இல்லாமல் பட்டறையின் முலாம் தொட்டிப் பக்கமே போகாதவன் அவன்.

"இத்தனை நாளா அவ சாப்பிட்டது?"

"மஞ்சள் தெரிஞ்ச அன்னிக்கே, எதுக்கு வம்புன்னு நிறுத்திட்டேன். ஒரு மாசமா கடைக்கீரைதான் அனுப்புறேன். அவ அதைக் குறை சொல்லிட்டுத்தான் சாப்பிடுறா. நாளைக்கு அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் இதையும் சொல்லிடு."

அவன் மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

மறுநாள் டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அன்று மாலையே அவன் கால்வாயின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தான். அலசிய தண்ணீர் டிரம்மில், கழிவு எடுக்கும் லாரிக்காகக் காத்திருந்தது. கெட்ட மண்ணை இருவரும் மூட்டை கட்டினார்கள். தோண்டும்போது ஆணிகள் கிடைத்தன.

"இதுங்களுக்கும் லாரியில டிக்கெட் போடவா?"

"போடு. பாவம், என் பேச்சைக் கேட்டு வந்ததுங்க."

"குழந்தை பிறக்குறதுக்குள்ள கீரை வந்துடுமா அண்ணி?"

புது மண்ணை அள்ளி டப்பாவில் நிரப்பியபடி அவள் சொன்னாள்: "இரு. முதல்ல வேரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."