குணம் அண்ணைக்கு ஒரு மகளும் இருக்கிறாள்

குணம் அண்ணை போய்விட்டார். மெல்பேர்ன் ட்ருகனினாவில் வெயர்ஹவுஸில் என்னோடு பின்னேர ஷிப்ட் செய்த செல்லையா குணரத்தினம். திங்கட்கிழமை வேலைக்கு வந்த மனிசன், புதன்கிழமை இல்லை. ஹார்ட் அட்டாக்.

நேற்று மரண அறிவித்தல் வந்தது. எல்லோரும் ஷேர் செய்கிறீர்கள், RIP போடுகிறீர்கள்... நான் ஷேர் செய்யவில்லை. ஏன் என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன்.

மெல்பேர்னுக்கு வருவதற்கு முன் அண்ணை நோர்வேயில் இருந்தவர். வடக்கே மீன் ஃபக்டரியில் கன வருடம். அந்தப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எங்கள் டிஸ்பாட்சில் கரல் என்று ஒரு வெள்ளைக்காரி. அவளுடைய பூட்டன் நோர்வேயிலிருந்து கப்பலில் வந்தவராம். பூட்டனின் தகப்பனை மட்டும் கண்டுபிடிக்க முடியாமல், ஆண்டர்சன் என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தேடியிருக்கிறாள்.

அண்ணை கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆண்டர்சன் என்றால் ஆண்டர்ஸின் மகன், தகப்பனை ஆண்டர்ஸ் என்று தேடு என்றார்.

பிறகு என்னிடம், "எங்கடை ஆக்கள் மாதிரித்தானடாப்பா. அந்தக் காலத்திலை அவங்களுக்கும் தகப்பன்ரை பேர்தான் ஒட்டுறது. இப்ப அதை விட்டிட்டாங்கள். நான் அங்கை போனவுடனை, என்ரை அப்பான்ரை பேரைக் குடும்பப் பேராக்கிப் போட்டாங்கள்" என்றார். அப்படித்தான் அவர் அங்கே மிஸ்டர் செல்லையா ஆனார்.

அதற்குப் பிறகு பிரேக் நேரத்தில் அவர் கையில் போனும், போனில் நோர்வே தேவாலயங்களின் பழைய பதிவுகளும்தான். கோழி கிளறின மாதிரி கையெழுத்து. அண்ணை தேநீர் ஆற ஆற வாசிப்பார்.

ஒருநாள் கரல், பூட்டன் செத்தபோது இங்கத்தைய பேப்பரில் வந்த அறிவித்தலைக் காட்டினாள். அந்தக் காலத்தில் இப்படியான அறிவித்தல்களின் அடியில், 'நோர்வே பத்திரிகைகளும் இதை வெளியிடவும்' என்று ஒரு வரி போடுவார்களாம். ஊரில் இருக்கிற சொந்தங்கள் அறிவதற்காக. இதில் அந்த வரி இல்லை.

"அங்கை ஆரோ அறியக்கூடாதெண்டு விட்டிருக்கினம்" என்றார் அண்ணை. "தேடினால் ஆள் வரும்."

வந்தது. பூட்டனின் ஊர்ப் பதிவில் ஒரு மனைவி, ஒரு பெண் குழந்தை... இங்கே பேப்பரிலோ ஆள் கட்டைப் பிரம்மச்சாரியாக வந்திறங்கியவர்.

கரல் அழுதாள். பிறகு அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்களைத் தேடிப்பிடித்து எழுதினாள். இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்ட் வருகிறதாம். யாரோ ஒரு வெள்ளைக்காரிக்கு இருக்கிற மரியாதை கூட எங்கள் ஆட்களுக்கு இல்லை என்பதுதான் எனக்கு வயிறெரிகிறது.

ஏனென்றால் குணம் அண்ணைக்கும் நோர்வேயில் ஒரு மகள் இருக்கிறாள். இங்ரிட் செல்லையா. அங்கத்தைய பெண்ணைக் கல்யாணம் முடித்துப் பிறந்த பிள்ளை.

அந்தக் கல்யாணம் முறிந்தபிறகுதான் இங்கே வந்து மற்றக் கல்யாணம், இரண்டு பொடியள். இதுதான் முதல் கல்யாணம் என்று ஊருக்குச் சொன்னது குடும்பம். வாயைத் திறக்காமல் இருந்தது அண்ணை. செத்த மனிசன்தான், ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

பின்னேர பிரேக்கில் அவளுக்கு வீடியோ கோல் எடுப்பார். அங்கே அவள் வேலைக்குப் போகிற காலை நேரம். வீட்டிலிருந்து எடுக்க முடியாது. பலெட்டுகளுக்கு நடுவில் ஹைவிஸ் ஜாக்கெட் போட்டபடி நின்று, நோர்வே பாஷையில் செல்லம் கொஞ்சுவார்.

ஒருதரம் போனை என் பக்கம் திருப்பினார். "வணக்கம் சித்தப்பா" என்றாள். பிறகு "பிட்டு" என்றாள். தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மூன்று பேரும் சிரித்தோம்.

தகப்பன் செத்ததை அவளுக்குச் சொன்னதும் நான்தான். வேறு ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று அறிவித்தலைக் கண்டதும் கிரான்பர்னில் இருக்கிற அண்ணையின் தம்பிக்குப் போன் எடுத்தேன். மகளின் பெயர் விடுபட்டுப் போச்சு என்றேன்.

"விடுபடேல்லை. விட்டது. சனம் என்ன கதைக்கும்?"

"அவளும் பிள்ளைதானே அண்ணை?"

"நீர் படகிலை வந்து விசாவும் இல்லாமல் நிக்கிறனீர். எங்கடை குடும்ப விசயத்துக்கை வராதையும்."

நிரந்தர விசா இல்லைதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் விளங்கவில்லை.

அறிவித்தலை வடிவாக வாசித்துப் பாருங்கள். 'காலஞ்சென்ற செல்லையா தம்பதிகளின் பாசமிகு மகனும்' என்று தொடங்குகிறது. பெறாமக்கள், சகலன், கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட மைத்துனன் வரை பெயர் இருக்கிறது. செல்லையா என்ற பெயரைப் பாஸ்போர்ட்டில் வைத்திருக்கிற பேத்தி இங்ரிட்டுக்கு மட்டும் இடமில்லை. வெட்கங்கெட்ட வேலை.

யாரோ ஷேர் செய்தது அவள் கண்ணிலும் பட்டிருக்கிறது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு இன்று காலை இங்கிலீஷில் மெசேஜ் போட்டிருக்கிறாள்.

"இரண்டு மகன்மார் என்று மட்டும்தான் வருகிறது, சித்தப்பா. இந்த ஆப் பிழையாகக் காட்டுகிறதா?"

அவளுக்கான பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

ஆப் சரி, பிள்ளை. இந்த வரியையும் அதில் போட்டுப் பார்:

அமரர் செல்லையா குணரத்தினம், நோர்வேயில் வசிக்கும் இங்ரிட் செல்லையாவின் பாசமிகு தந்தையும் ஆவார்.

போயிட்டு வாங்கோ அண்ணை.